காப்பீட்டு நிறுவனம் அனுப்பியவர்கள் போட்ட கூரை ஒழுகுகிறது: யாரைக் கேட்பது?

டோங்காட் குடும்பத்தலைவி, 2025 ஏப்ரல் 7

அனைவருக்கும் வணக்கம். 2024 ஜூன் 3 அன்று, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள எங்கள் டோங்காட்டில் அடித்த சுழற்காற்றில் எங்கள் வீட்டுக் கூரையில் பாதிக்கு மேல் பெயர்ந்து போயிற்று. நாங்கள் பதினேழு ஆண்டுகளாகத் தவணை தவறாமல் கட்டிவரும் வீட்டுக் காப்பீடு இருந்ததால், மற்ற பலருக்கு நேர்ந்தது போல நடுத்தெருவில் நிற்கும் நிலை எங்களுக்கு வரவில்லை என்று அப்போது கடவுளுக்கு நன்றி சொன்னோம். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, சேதம் முழுவதும் புயலால் ஏற்பட்டதே என்று ஒப்புக்கொண்டார். பணமாகக் கொடுங்கள், எங்களுக்குத் தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்துகொள்கிறோம் என்று கேட்டோம். அதற்கு அவர்கள் இணங்காமல், தங்கள் பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரையே அனுப்புவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்ட்டில் தொடங்கிய வேலை செப்டம்பர் 20 அன்று முடிந்தது. வேலை திருப்தியாக உள்ளது என்று அச்சடித்த ஒரு தாளில் என் கணவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 12 மாத உத்தரவாதச் சான்று ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. புரட்டாசி விரதம் முடிவதற்குள் முதல் மழை பெய்தது. அன்று இரவே பூசை அறையின் சீலிங்கிலிருந்து காமாட்சி விளக்கின் மேல் நேராகத் தண்ணீர் சொட்டியது. இப்போது அந்த அறையின் சீலிங்கில் பழுப்பு நிறத்தில் நான்கு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. சுவரில் பூஞ்சணம் பிடித்துவிட்டது.

ஒப்பந்தக்காரர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் ஒரு பையன் மட்டும் மேலே ஏறி, ஓடுகளின் இடுக்கில் ஏதோ வெள்ளைப் பசையைப் பூசிவிட்டு இறங்கினான். மூன்றாம் முறை அவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. நிறுவனத்திடம் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். கடைசியாக மார்ச் 18 அன்று, ஒழுகலுக்குக் காரணம் பழைய மரமும் பராமரிப்புக் குறைவும்தான், அது பாலிசியில் அடங்காது என்று மின்னஞ்சல் வந்தது. யாரிடம் போவது, எதை முதலில் செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பீனிக்ஸ் தம்பி, ஏப்ரல் 7

அக்கா, படிக்கவே வேதனையாக இருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரர் மீது சிறு வழக்கு நீதிமன்றத்தில் வழக்குப் போடுங்கள், அங்கே வழக்கறிஞர் வைக்க வேண்டிய தேவையே இல்லை. வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பான என்.ஹெச்.பி.ஆர்.சி.யிலும் புகார் கொடுக்கலாம். கூரை ஒழுகினால் ஓர் ஆண்டுவரை அவர்கள் பொறுப்பேற்கச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

முன்னாள் கிளைம்ஸ் அலுவலர், டர்பன், ஏப்ரல் 8

அம்மா, வணக்கம். நான் குறுங்காலக் காப்பீட்டுத் துறையில், அதாவது வீடு, வாகனம் போன்ற ஆயுள் அல்லாத காப்பீட்டில், கிளைம்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தம்பி நல்ல மனதோடு சொன்ன இரண்டு வழிகளும் உங்களுக்குப் பொருந்தாது என்பதால் அதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். என்.ஹெச்.பி.ஆர்.சி. தரும் பாதுகாப்பு, பதிவு செய்யப்பட்ட புதிய வீடுகளுக்கு உரியது. கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டு, கூரை ஒழுகலுக்கு 1 ஆண்டு என்ற கணக்கெல்லாம் புது வீட்டை வாங்கியவருக்கே செல்லும், ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் காப்பீட்டின் பேரில் நடந்த பழுதுவேலைக்குச் செல்லாது. சிறு வழக்கு நீதிமன்றத்திலோ 20,000 ரேண்டுக்கு மேற்பட்ட தொகையைக் கோர முடியாது, உங்கள் கூரைச் செலவு அதைப் போல் பல மடங்கு இருக்கும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த ஒப்பந்தக்காரரோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. அவரைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம், வேலைப் பட்டியலை ஒப்புதல் செய்தது நிறுவனம், பணம் கொடுத்ததும் நிறுவனம். பணமாகத் தருவதா, பழுது பார்த்துத் தருவதா, புதிதாக மாற்றித் தருவதா என்று முடிவு செய்யும் உரிமையைப் பெரும்பாலான பாலிசிகள் நிறுவனத்துக்கே கொடுத்திருக்கும். நீங்கள் பணம் கேட்டும் அவர்கள் பழுது பார்ப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்துவிட்டால், புயலுக்கு முன் இருந்த நிலைக்கு வீட்டைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் கடமை அவர்களுடையதாகிறது. அவர்கள் அனுப்பிய ஆள் அரைகுறையாகச் செய்திருந்தால், பாலிசியின்படி அவர்கள் கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை என்றுதான் பொருள். நீங்களே ஆளை வைத்து, அவர்கள் பணம் மட்டும் கொடுத்திருந்தால் கதை வேறு. ஆகவே இனி ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் துரத்துவதை விட்டுவிடுங்கள். எல்லாக் கடிதமும் நிறுவனத்துக்கே போகட்டும். ஒப்பந்தக்காரரிடம் செலவை வசூலிப்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம்.

மார்ச் 18 மின்னஞ்சலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை உங்கள் கோரிக்கையை மறுத்த கடிதமாகவே கருதி நடந்துகொள்வது பாதுகாப்பானது. 1998ஆம் ஆண்டின் குறுங்காலக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி, மறுப்புக் கடிதம் கைக்குக் கிடைத்ததிலிருந்து 90 நாள்களுக்குள் உங்கள் எதிர்வாதத்தை நிறுவனத்திடம் வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதன் பிறகு வழக்குத் தொடர்வதற்குப் பாலிசி கெடு வைக்குமானால், அந்தக் கெடுவும் 90 நாள் முடிந்தபின் ஆறு மாதத்துக்குக் குறையக்கூடாது. உங்கள் கணக்கில் 90 நாள் ஜூன் நடுவில் முடிகிறது. நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள்.

நிறுவனத்துக்குள்ளேயே முறையீட்டுப் பிரிவு ஒன்று இருக்கும். கிளைம் எண்ணைப் போட்டு, இது முறையான புகார் என்று முதல் வரியிலேயே எழுதி அங்கே அனுப்புங்கள். முதல் மதிப்பீட்டாளரின் அறிக்கை, ஒப்புதல் பெற்ற வேலைப் பட்டியல், மார்ச்சில் மறுத்ததற்கு ஆதாரமான அறிக்கை ஆகிய மூன்றின் நகலையும் கேளுங்கள். தயங்கினால், உங்கள் உரிமையைக் காக்கத் தேவைப்படும் ஆவணங்களைத் தனியார் நிறுவனத்திடமும் கேட்டுப் பெற 2000ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இடம் கொடுக்கிறது என்பதை நினைவூட்டலாம். என் அனுபவத்தில் அந்தச் சட்டத்தின் பெயரைக் கண்டதுமே கோப்பு கொஞ்சம் வேகமாக நகரத் தொடங்கும். கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இந்தக் கிளைம் ஒரு பக்கம் இருக்க, அடுத்த புயலுக்கு வீடு காப்பீடு இல்லாமல் நிற்கும்.

டோங்காட் குடும்பத்தலைவி, ஏப்ரல் 8

ஐயா, மிக்க நன்றி. என் மனத்தை அரிப்பது அந்தக் கையெழுத்துதான். திருப்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களே என்று தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறார்கள். என் கணவர் தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று இரவில் தூங்குவதில்லை.

முன்னாள் கிளைம்ஸ் அலுவலர், டர்பன், ஏப்ரல் 8

அவரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள் அம்மா. கண்ணுக்குத் தெரிந்த வேலை முடிந்தது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து சாட்சி. ஓட்டுக்கு அடியில் மறைந்திருந்த குறை, வெயில் நாளில் தரையில் நின்று பார்த்த ஒருவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. அவர்களே 12 மாத உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே, கையெழுத்துக்குப் பிறகும் குறை வெளிப்படலாம் என்று அவர்களும் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். தாளில் உள்ள சொற்களை மட்டும் ஒரு முறை கவனமாகப் படியுங்கள். வேலை முடிந்தது என்று இருக்கிறதா, அல்லது இந்தக் கிளைம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பமாட்டேன் என்று இருக்கிறதா? இரண்டாவது வகையானால் வாதம் சற்றுக் கடினமாகும், ஆனாலும் முடிந்துபோனதாகக் கருத வேண்டாம்.

கட்டட மேற்பார்வையாளர், சாட்ஸ்வர்த், ஏப்ரல் 9

அம்மா, முப்பத்தொரு வருடம் கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தவன் என்ற முறையில், நிறுவனம் சொன்ன அந்தப் பழைய மரம், பராமரிப்புக் குறைவு என்ற வாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்கள் வழக்கு அந்த ஓர் இடத்தில்தான் வெல்லும் அல்லது தோற்கும்.

நீங்கள் விவரித்த வெள்ளைப் பசை சிலிக்கானாகத்தான் இருக்கும். ஓட்டுக் கூரையில் சிலிக்கானைப் பூசி ஒழுகலை அடைப்பவருக்கு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கூரையின் இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சேரும் பள்ளத்தில் தகரத் தகடு ஒன்று ஓடும். அந்தத் தகட்டை அகலம் குறைவாக வெட்டிப் போட்டாலும், இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு ஏற்றாமல் இணைத்தாலும், சாரலோடு வரும் கனமழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். தூறலில் ஒழுகாது, கனமழையில் மட்டும் ஒழுகும். உங்கள் வீட்டில் அப்படியா என்று கவனியுங்கள். முகட்டு ஓடுகளின் அடியில் சாந்து முழுமையாக நிரப்பப்பட்டிருக்கிறதா, ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிழியாமல் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் போன ஆண்டு புதிதாகச் செய்த வேலை. பதினேழு வருடப் பராமரிப்புக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒழுகலைக் காட்டிலும் எனக்குக் கவலை தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் புதைத்து வைத்த துத்தநாகப் பூச்சுக் கம்பியையோ பட்டையையோ கூரையின் மரச்சட்டத்தோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும். சுழற்காற்று கூரையைத் தூக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கட்டுதான். அவசர வேலையில் அதை விட்டுவிட்டு ஓட்டை மட்டும் அடுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்பரணில் டார்ச் விளக்கோடு ஏறிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்கு அக்கம்பக்கத்து மேஸ்திரியின் வாய்மொழி போதாது. தென்னாப்பிரிக்கப் பொறியியல் கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு பொறியாளரை வைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கூரை வேலைக்கான தரவிதிகள், இந்நாட்டுக் கட்டடத் தரவிதித் தொகுப்பான சான்ஸ் 10400இன் எல் பகுதியில் உள்ளன. எந்த வேலை அந்த விதிக்கு எப்படி மாறாக இருக்கிறது என்று அவர் எழுத வேண்டும். ஒழுகல் பழைய மரத்தால் வந்ததா, புதிய வேலையால் வந்ததா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒரு பத்தி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுப்பது வீண். தோட்டத்துக் குழாயால் சோதனை நடத்தச் சொல்லுங்கள். கூரையின் கீழ் ஓரத்தில் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் நின்று, சிறிது சிறிதாக மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்துவிடும், எங்கே நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது.

சீலிங்கில் உள்ள அந்த நான்கு வளையங்களை அழித்துவிடாதீர்கள், வெள்ளையடித்துவிடவும் வேண்டாம். ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு முறை நனைந்து காய்ந்ததன் தடம். ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதிப் படம் எடுங்கள், இனி வரும் மழையிலும் அப்படியே செய்யுங்கள். அதற்காகச் சேதம் பெருகும்படி விட்டுவிடவும் கூடாது. தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அதன் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தைக் கட்டுப்படுத்தப் பாலிசிதாரர் முயலவில்லை என்ற பழி உங்கள் மேல் வரக்கூடாது. ஆனால் நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்கும்முன் ஓட்டைக் கழற்றி வேறு ஆளை வைத்துச் சரிசெய்துவிட்டால் சாட்சியம் போய்விடும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர், ஏப்ரல் 11

எங்கள் வீட்டில் கீசர் வெடித்தபோது இதே போன்ற போராட்டத்தை நானும் நடத்தினேன் என்பதால், காப்பீட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை நீதிமன்றத்துக்கு வெளியே விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகும் வழியைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனம் அனுப்பிய பிளம்பர், பாதுகாப்பு வால்விலிருந்து வரும் குழாயை வீட்டுக்கு வெளியே கொண்டுபோகாமல் மேல்பரணிலேயே விட்டுவிட்டார். மூன்று மாதத்தில் படுக்கையறைச் சீலிங் தொங்கிப்போயிற்று. நிறுவனம் மறுத்தது. உள்முறையீட்டிலும் மறுத்தது. அந்த இறுதி மறுப்புக் கடிதத்தோடு தேசிய நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்புக்கு எழுதினேன். முன்பு குறுங்காலக் காப்பீட்டுக்குத் தனிக் குறைதீர்ப்பாளர் இருந்தார். 2024 மார்ச் 1 முதல் காப்பீடு, வங்கி, கடன் ஆகியவற்றுக்கான நான்கு அமைப்புகளும் இதில் ஒன்றாகிவிட்டன.

கட்டணம் ஏதும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர்கள் என் கடிதத்தை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்டதுமே, அதுவரை அசையாதவர்கள் தாங்களாகவே சீலிங்கை மாற்றித் தந்து, குழாயையும் வெளியே இழுத்துவிட்டார்கள். தீர்ப்பு வரை போகவே இல்லை. போயிருந்தாலும், தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், நமக்குத் திருப்தியில்லை என்றால் நீதிமன்றம் போகும் உரிமை நமக்கு இருக்கும் என்று அங்கே பேசிய அம்மையார் விளக்கினார். அவர்கள் முறையீட்டைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து அது முடியும்வரை காலக்கெடுவும் ஓடாமல் நிற்கும், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நிறுவனத்திடம் முதலில் புகார் சொல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பி நிறுவனத்திடமே அனுப்பிவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நடுவில் பணம் தந்து முடித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வரும். ஒப்பந்தக்காரர்களோடு அவர்களுக்குள்ள மொத்தத் தள்ளுபடி விலையில் கணக்குப் போட்டுத்தான் தொகையைச் சொல்வார்கள். அந்த விலைக்கு உங்களுக்கு யாரும் வேலை செய்து தரமாட்டார்கள். நீங்களே இரண்டு மூன்று இடங்களில் விலைப்பட்டியல் வாங்கிய பிறகு பேசுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டால் அதன்பின் வேலையின் தரத்துக்கு நீங்களே பொறுப்பு.

டோங்காட் குடும்பத்தலைவி, ஜூன் 12

இரண்டு மாதம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை. டர்பன் ஐயா சொன்னபடி புகாரை அனுப்பினோம். என் கணவர் கையெழுத்திட்ட தாளில் வேலை முடிந்தது என்று மட்டுமே இருந்தது. முதல் மதிப்பீட்டாளரின் அறிக்கை கைக்கு வந்தபோது, மரச்சட்டங்கள் நல்ல நிலையில் உள்ளன, உடைந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று அதிலேயே எழுதியிருந்ததைக் கண்டோம். மார்ச்சில் பழைய மரம் என்று மறுத்தவர்கள் தங்கள் ஆளே போன ஆண்டு எழுதியதைப் படிக்கவில்லை. பொறியாளர் குழாய்ச் சோதனை நடத்தினார். பள்ளத் தகட்டருகே தண்ணீர் பாய்ச்சிய ஒன்பதாவது நிமிடம் பூசை அறையில் சொட்டத் தொடங்கியது, என் கணவர் கைபேசியில் படம் பிடித்தார். சாட்ஸ்வர்த் ஐயா அஞ்சியது போலவே, புதிதாகப் போட்ட மூன்று சட்டங்களில் இரண்டுக்குக் கம்பிக் கட்டே இல்லை.

அறிக்கையை இணைத்து மே 9 அன்று அனுப்பினோம். பள்ளத் தகடு, முகட்டு ஓடு, கம்பிக் கட்டு மூன்றையும் வேறோர் ஒப்பந்தக்காரரை வைத்து மீண்டும் செய்வதற்கும், பொறியாளருக்கு நாங்கள் கொடுத்த தொகையைத் திருப்பித் தருவதற்கும் நிறுவனம் எழுத்தில் இணங்கியிருக்கிறது. பூசை அறைச் சீலிங்கையும் பூஞ்சணம் பிடித்த சுவரையும் பற்றி இன்னும் பதில் இல்லை. 90 நாள் முடிவதற்குள் அதைப் பற்றியும் தனியாக எதிர்வாதம் எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். அதற்கும் மறுப்பு வந்தால் குறைதீர்ப்பாளருக்கு அனுப்ப வேண்டிய கோப்பு தயாராக இருக்கிறது.

புதிய ஒப்பந்தக்காரர் அடுத்த வாரம் வருகிறார். இங்கே ஜூன், ஜூலையில் மழை குறைவு என்பதால், போன முறை போலவே இந்த முறையும் வெயிலில் கையெழுத்துக் கேட்பார்கள். குழாய்ச் சோதனையைப் பொறியாளர் முன்னிலையில் மறுபடியும் நடத்திய பிறகே கையெழுத்து என்றும், 12 மாத உத்தரவாதம் பழைய செப்டம்பரிலிருந்து இல்லாமல் இந்த வேலை முடியும் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருக்கிறோம். முதலாவதற்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவதற்காகக் காத்திருக்கிறோம்.

கட்டட மேற்பார்வையாளர், சாட்ஸ்வர்த், ஜூன் 13

மகிழ்ச்சி அம்மா. கம்பிக் கட்டைக் கட்டியதும், ஓடு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு யாரும் காட்டமாட்டார்கள்.